மூணாவது தீவு

சருகேந்தல் என்று ஓர் ஊர். மழை அந்த ஊர்ப் பக்கம் வந்தால் வாசலில் நின்றபடியே "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே வந்து உட்கார்ந்ததே கிடையாது. மற்றபடி நல்ல ஊர், நல்ல மனுசர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி கேட்பார்கள். அவர்களிடம் இருந்த கோளாறே அது ஒன்றுதான்.

அந்த ஊர்க் காலேஜில் புதிதாகப் புவியியல் வகுப்பு ஆரம்பித்தார்கள். நாலே நாலு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி மாரிக்கனி. இந்தக் கதையில் அதிகம் தவித்தவள் அவள்தான், அதனால் நாமும் அவள் பக்கத்திலேயே இருந்துகொள்வோம்.

மாரிக்கனியின் அப்பா சங்கையாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஏக்கம். தன் கையால் தோண்டி ஒரு வாய் தண்ணீர் பார்த்துவிட வேண்டும். கல்யாணமான வருசத்திலிருந்து கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார். தோண்டின குழியில் எல்லாம் புழுதிதான் வந்தது. ஆழம் போகப் போகப் புழுதி கொஞ்சம் குளிர்ச்சியாக வந்தது. அதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. அதனால் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பக்கத்து ஊரில் சொந்தமாகத் தண்ணி லாரி வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளைக்கு மகளைக் கட்டிக்கொடுத்துவிடுவது.

"வெள்ளிக்கிழமை பூ வைக்கப் போறோம்" என்றார் சங்கையா.

"நான் படிக்கணும்ப்பா."

"படிப்பு ஒரு குடம் தண்ணி கொண்டாந்து குடுக்குமா?"

மாரிக்கனி யோசித்துப் பார்த்தாள். கொண்டுவந்து கொடுக்குமா கொடுக்காதா என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பதில் தெரியாததால் அழுதாள். மகள் அழுதால் சங்கையாவுக்குத் தாங்காது. இருக்கிற தண்ணீரும் இப்படி வீணாகிறதே என்று அவருக்குப் பதைக்கும்.

"சரி, சரி, கண்ணைத் துட. கடலுக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொன்னியே. போ. நானும் கூட வந்து கரையில உக்காந்திருக்கேன். நீ திரும்பி வந்து, இந்தப் படிப்பால இன்ன பிரயோசனம்னு ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல காட்டு. காட்டினா படி. இல்லைன்னா லாரி."

இப்படியாக அந்தச் சுற்றுலா மாரிக்கனிக்கு மட்டும் சுற்றுலாவாக இல்லாமல் போய்விட்டது.

*

வகுப்புக்கு வாத்தியார் தங்கப்பழம் சார். கடலைப் பற்றி வருசம் பூராவும் பாடம் நடத்தினவர், அன்றைக்குத்தான் கடலை நேரில் பார்த்தார். பார்த்ததும் படகுத்துறைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இது ஆடுதே" என்றார்.

"அலை சார்" என்றாள் மாரிக்கனி.

"தெரியும். படத்துல ஆடலையே. நீங்க போயிட்டு வாங்க பிள்ளைகளா. நான் இங்க இருந்தே கவனிச்சுக்கிடுதேன். நல்லாக் கேட்டுக்கோங்க. மொத்தம் மூணு தீவு பார்க்கணும். ரெண்டு பார்த்தா பாஸ் கிடையாது. தீவுன்னா என்ன?"

நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "நாலு பக்கமும் தண்ணீரால் சூழப்பட்ட நிலம் தீவு எனப்படும்!"

"அதைச் சரிபார்க்கணும். யாரோ தீவுன்னு சொன்னா நம்பிரக் கூடாது. அப்புறம், கடல்ல படகுக்காரர் என்ன சொன்னாலும் அப்படியே செய்யணும். அவர்தான் உங்களுக்கு நான்."

படகுக்காரர் பெயர் கஸ்பார். நல்ல மனுசர்தான். பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர். புயலைப் பார்த்திருக்கிறார், சுறாவைப் பார்த்திருக்கிறார். சருகேந்தல்காரர்களை மட்டும் பார்த்ததில்லை.

"ரெண்டு பக்கமும் சமமா உக்காருங்க, எய்யா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் உத்தரவு அது.

வகுப்புத் தலைவன் கொம்பையா ஆள் கனமானவன். அவன் அப்பா பருத்தி மண்டியில் தராசு பிடிப்பவர். சமம் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு ரத்தம் சூடாகிவிட்டது. தான் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, மாரிக்கனி, அவள் சிநேகிதி குருவம்மா, தவசி மூவரையும் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தான். ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் ஒரு பொடி கூடுது. குருவு, நீ சாப்பாட்டுப் பையை இங்கிட்டுத் தா."

பை கை மாறியது.

"இப்ப இந்தப் பக்கம் கூடுது. ஒரு முறுக்கை மட்டும் திருப்பி வாங்கிக்கோ."

முறுக்கு கை மாறியது. தவசி அதைக் கடித்துவிட்டான்.

"ஏலே! திங்காத! எடை குறையும்!"

"வயித்துக்குள்ளதான இருக்கு. இந்தப் பக்கமே இருக்குதே" என்றான் தவசி.

கொம்பையா இதை வெகுநேரம் யோசித்தான். சரியாகத்தான் பட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கடல் காக்கை வந்து தவசி பக்கத்து விளிம்பில் உட்கார்ந்தது. நாலு பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது. காக்கையின் எடை யாருக்கும் தெரியாது. கொம்பையா மெதுவாகத் தன் ஒரு செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். செருப்பு ஏற்கெனவே அவன் பக்கம்தானே இருந்தது என்று மாரிக்கனிக்குத் தோன்றியது. ஆனால் தலைவனிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? காக்கை அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டுப் பறந்துபோய்விட்டது.

"பார்த்தியா? சமமாயிட்டு" என்றான் கொம்பையா.

*

முதல் தீவுக்குப் பெயர் கொக்குத் தீவு. கஸ்பார் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, தவசியின் கையில் படகுக் கயிற்றைக் கொடுத்தார்.

"தம்பி, இதைப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

பிறகு அவரே நங்கூரத்தைப் போட்டுவிட்டார். விடச் சொல்ல மறந்துவிட்டார். தவசி கயிற்றோடு கரையில் நின்றான்.

மற்ற மூன்று பேரும் தீவைச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். மாரிக்கனி கிழக்கே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அங்க தண்ணி இருக்கு" என்றாள். மேற்கே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "அங்கயும் இருக்கு" என்றாள்.

குருவம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏட்டி, நீ மேக்க பார்த்துக்கிட்டு இருந்தியே, அப்ப கிழக்க தண்ணி இருந்துச்சுன்னு யார் கண்டா?"

மாரிக்கனிக்குத் திக்கென்றது. நியாயமான கேள்வி. சருகேந்தல் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதென்று பார்த்துவிட்டுக் குடம் எடுக்க வீட்டுக்குள் போய் வருவதற்குள் நின்றுபோகும். கடல் மட்டும் நிற்காது என்று என்ன நிச்சயம்?

"நாலு பக்கமும் ஒரே நேரத்துல பார்க்கணும்" என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னான். "நாலு பேரு நாலு பக்கம் போங்க. தண்ணி இருந்தா 'இருக்கு'ன்னு கத்தணும்."

தவசி கயிற்றோடு வடக்குப் பக்கத்தில் நின்றது வசதியாகப் போயிற்று. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாலு பேரும் கத்தினார்கள். காற்று நாலு குரலையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒருத்தர் கத்தினது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. அதனால் கஸ்பாரைக் கூப்பிட்டுத் தீவின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். அவர் வெயிலில் நின்று காதைக் கொடுத்து நாலு "இருக்கு"வையும் கேட்டு, "எல்லாம் இருக்கு தாயீ, எல்லாம் இருக்கு. வந்து ஏறுங்க" என்றார்.

அப்போதுதான் குருவம்மாவுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "நாலு பக்கம்னு புத்தகத்துல இருக்கு. இது உருண்டையால்ல கிடக்குது? தோசைக்கு ஏது நாலு பக்கம்? ரெண்டு பக்கம்தான். மேல் பக்கம் ஒண்ணு, அடிப் பக்கம் ஒண்ணு."

"மேல் பக்கம் தண்ணி இல்லையே, நாமல்லா நிக்கோம்" என்றான் கொம்பையா கவலையோடு.

தீவைத் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியுமா என்று கஸ்பாரிடம் கேட்டார்கள். அவர் முடியாது என்று சொன்னார். முதல் தடவை கேட்டபோது சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. கடைசியில், நாலு பேர் நாலு பக்கம் நின்றதால் நாலு பக்கம் இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எதில் நின்றோம் என்று மாரிக்கனி சொன்னாள். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு தீவு தேறியது.

தவசி மட்டும் கயிற்றை விடவில்லை. "அதைக் குடு" என்று கஸ்பார் கேட்டதற்கு, "குடுக்கத்தான சொல்லுதீங்க, விடச் சொல்லலையே அண்ணாச்சி" என்று சொல்லி, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு மறு நுனியைத் தானும் பிடித்துக்கொண்டான். படகு கிளம்பியதும் கஸ்பார் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க, கடலுக்கு நடுவே கொஞ்ச தூரம் வடம் பிடிக்கிற திருவிழாவாக நடந்தது.

"விடுடா, ராசா!" என்று கத்தினார் கஸ்பார்.

விட்டான். கஸ்பார் மல்லாந்து விழுந்தார்.

*

இரண்டாவது தீவில் பறவைகள் குஞ்சு பொரிக்கிற காலம். கஸ்பார் கரை ஒதுங்கும்போதே விரலை உதட்டில் வைத்தார்.

"பறவைக பயந்துரும். எல்லாரும் வாயை மூடிக்கோங்க."

மூடிக்கொண்டார்கள். கையாலும் பொத்திக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் போய் நின்று, தண்ணீர் இருந்தால் ஒரு கையைத் தூக்குவது என்று கண்ணாலேயே பேசி முடிவு செய்தார்கள். தெற்குப் பக்கத்தில் கொம்பையாவின் கால் கட்டைவிரலை ஒரு நண்டு கவ்விக்கொண்டது. அவன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். அந்தப் பக்கம் தண்ணீர் இரட்டிப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மற்றவர்கள் சந்தோசமாகத் தலையாட்டினார்கள். அவன் கண்ணில் தாரைதாரையாகக் கண்ணீர் வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. அந்த நண்டுக்கே கடைசியில் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தானாக விட்டுவிட்டுப் போயிற்று.

இரண்டு தீவு ஆயிற்று. கஸ்பார் படகில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். காலையிலிருந்து இப்போதுதான் காதுக்கு நிம்மதி. "எம்புட்டு அமைதியான பிள்ளைக" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கையைக் கழுவி, எஞ்சினைத் தட்டிவிட்டார். நங்கூரத்தைத் தூக்க மறந்துவிட்டார்.

படகு கொஞ்ச தூரம் போனது. பிறகு வளைந்தது. மறுபடியும் வளைந்தது. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நங்கூரக் கயிறு விறைப்பாக இழுபடுவதை நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொல்ல வழியில்லை. வாயைத் திறக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. குருவம்மா புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். தவசி மூக்கால் சுட்டிக் காட்டினான். மாரிக்கனி வானத்தைப் பார்த்தாள். பொழுது மேற்கே சாய்கிறது. இன்னும் ஒரு தீவு பாக்கி. அது கிடைக்காவிட்டால் அப்பாவிடம் காட்ட ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை பூ. அப்புறம் அந்த லாரியின் முன் சீட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் அவள்.

"இன்னைக்கு நீரோட்டம் ஒரு தினுசா இருக்கே" என்றார் கஸ்பார், தூரத்தில் கொக்குத் தீவு திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதைப் பார்த்து. "என்ன பிள்ளைகளா, உங்களுக்கு ஏதாவது தெரியுதா?"

நாலு பேரும் தெரிகிறது என்று தலையாட்டினார்கள்.

"என்ன?"

மூக்கு, புருவம், கண் எல்லாம் வேலை செய்தன.

"என்னத்துக்கு இப்படி முழிக்கீங்க? மாதாவே, வயித்துவலியா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

"நங்கூரம்!" என்று நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கொம்பையா மட்டும் அதோடு நிறுத்தாமல், நண்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த கத்தலையும் சேர்த்துக் கத்தித் தீர்த்தான்.

*

இந்தச் சுற்றலில் மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. மூன்றாவது தீவான தாழந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் வற்றும் நேரம். தண்ணீர் உள்வாங்கியதில், தாழந்தீவுக்கும் அதன் பக்கத்திலிருந்த பெரிய மணல் திட்டுக்கும் நடுவே ஒரு மணல் பாதை மேலே எழும்பி நின்றது.

மாரிக்கனி மூன்று பக்கம் ஓடிப் பார்த்தாள். தண்ணீர். நாலாவது பக்கம் ஓடினாள். மணல். அந்த மணலில் ஒரு நாரை நடந்து போய்க்கொண்டிருந்தது, கால் நனையாமல்.

"மூணு பக்கம்தான் தண்ணி. இது தீவு இல்லை" என்றான் கொம்பையா.

"என்னது, தீவு இல்லையா? எங்க தாத்தா காலத்துல இருந்து இது தீவுதான்யா!" என்றார் கஸ்பார்.

"உங்க தாத்தா சரிபார்த்தாரா அண்ணாச்சி?"

கஸ்பார் மணல் பாதையைக் கை காட்டினார். "பொழுது அடைஞ்சப்புறம் தண்ணி ஏறும். அப்ப இது தீவாயிரும்" என்று மட்டும் சொன்னார்.

"அதுக்குள்ள எங்கப்பா லாரிக்காரருக்கு வெத்திலை பாக்கு குடுத்துருவாரு" என்று மாரிக்கனி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிநேகிதிக்காகக் குருவம்மா எதையும் செய்வாள். தூக்குச்சட்டியை எடுத்தாள். "தண்ணி தானா வரலைன்னா நாம விடுவோம். வயக்காட்டுக்குத் தண்ணி பாய்ச்சினதே இல்லையா நாம?"

உண்மையில் பாய்ச்சினதே இல்லை. அவர்கள் ஊரில் ஏது தண்ணீர்? அதனாலேயே ரொம்ப ஆசையாகச் செய்தார்கள். கடலிலிருந்து மொண்டு மொண்டு மணல் பாதையில் ஊற்றினார்கள். மணல் குடித்துக்கொண்டே இருந்தது.

"நம்ம ஊரு மண்ணு மாதிரியே குடிக்குதுல்ல?" என்றான் தவசி. எல்லாருக்கும் ஒரு கணம் ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது.

கடைசியில் கஸ்பார் ஒவ்வொருவராகத் தூக்காத குறையாகப் படகில் ஏற்றினார். "கரையில உங்க வாத்தியார் தேடுவாரு. போதும், கிளம்பலாம்."

படகு திரும்பியது. மாரிக்கனி முகத்தைத் திருப்பி முன்னால் பார்த்தாள். தண்ணீர். அழுகை வந்தது. அதை மறைக்கப் பின்னால் திரும்பினாள். தண்ணீர். இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கமும் தண்ணீர். அழுகை பாதியில் நின்றுவிட்டது.

"ஏலே கொம்பையா" என்றாள் மெதுவாக. "இங்க நாலு பக்கமும் தண்ணி இருக்கு."

மற்ற மூன்று பேரும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடாம ஒரே நேரத்துல பார்க்கலாம்" என்றான் தவசி.

"உருண்டையா வேற இல்ல. முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு விலாப்பக்கம். எண்ணி வச்ச மாதிரி நாலு" என்றாள் குருவம்மா.

தலைவன் அவ்வளவு லேசில் விடவில்லை. "நிலம்னு போட்டிருக்கு. நிலம்னா மண்ணு வேணுமே?"

எல்லாரும் குனிந்தார்கள். மூன்று இடத்திலும் இறங்கி ஏறியதில் காலோடு வந்த மண், படகின் அடிப்பலகை முழுக்க மெத்தை மாதிரி கிடந்தது. கொம்பையா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தான்.

"மண்ணுதான்" என்றான்.

மாரிக்கனிக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. நாலு பேரும் அந்தத் தீவை ஆராய்ந்தார்கள். மரம் ஒன்று, இலை இல்லை, பாய் கட்டுவதற்கு ஏற்ற வகை. குடிமக்கள் ஒருவர். தொழில் மீன்பிடித்தல். உணவு சோறும் மீன் குழம்பும். விருந்தினரைக் கண்டால் முதலில் சிரிப்பார். போகப் போகச் சிரிக்கமாட்டார்.

"யாரைச் சொல்லுதீங்க?" என்று கேட்டார் கஸ்பார். அவருக்கு ஏனோ உடம்பெல்லாம் அரிப்பது போல இருந்தது.

*

துறையில் தங்கப்பழம் சார் தூணை விடாமல் நின்றார். சங்கையா துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தண்ணீரை இப்படி மூடாமல் வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு ஒரே ஆற்றாமை.

படகு கரை அணைந்ததும் சார் கேட்டார். "மூணு தீவும் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு சார். மூணாவது இது" என்று காலால் தட்டிக் காட்டினாள் மாரிக்கனி.

சார் தூணிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "ஒரு பக்கம் துறையில இடிச்சுக்கிட்டு நிக்குதே. மூணு பக்கம்தான தண்ணி?"

மாரிக்கனியின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் சார் நியாயமானவர். "கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க, பார்ப்போம்" என்றார். கஸ்பார் ஒரு கழியால் குத்தி, படகை ஒரு முழம் நகர்த்தினார். சார் எண்ணினார். நாலு. மறுபடியும் எண்ணினார். அப்போதும் நாலு.

"பாஸ்!" என்றார் சார்.

பிள்ளைகள் கை தட்டிக்கொண்டே துறையில் ஏறினார்கள். சங்கையா தட்டவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் புள்ள. பிரயோசனம் என்ன? அதைச் சொல்லு."

மாரிக்கனி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மூன்று தீவு பார்த்தது தவிர அவளிடம் எதுவும் இல்லை. கொம்பையா செருப்பைப் பார்த்தான். குருவம்மா ஆகாயத்தைப் பார்த்தாள்.

சங்கையாவே ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார். "ஆமா, தீவுன்னா நிலமா?"

"நிலம்தான்ப்பா. சாரே பாஸ் போட்டுட்டாரு."

"நிலம்னா, தண்ணி எத்தனை அடியில கிடக்கு?"

மாரிக்கனிக்குத் தெரியவில்லை. அந்தத் தீவின் ஒரே குடிமகனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, இங்க எத்தனை அடி தோண்டினா தண்ணி வரும்?"

கஸ்பாருக்குக் காலையிலிருந்து சேர்ந்தது எல்லாம் தொண்டைக்கு வந்தது. "எத்தனை அடியா? ஒரு சாண் தோண்டுங்க தாயீ, ஒரே சாண்! குபுகுபுன்னு வரும்! ஏழு தலைமுறைக்கு வத்தாது! தோண்டுங்க, நல்லாத் தோண்டுங்க! நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லித் துறையில் தாவி, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார். பாவம், சருகேந்தல்காரர்களிடம் கிண்டல் பேசக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சங்கையா துண்டை இடுப்பில் வரிந்து கட்டினார். "ஒரு சாணா?" என்றார். "ஒரே சாண்ல தண்ணியா?"

துறையில் ஐஸ் பாளம் உடைப்பதற்கு ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டார். படகில் இறங்கினார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். கல்யாணமான வருசத்திலிருந்து தோண்டிப் பழகிய கை அல்லவா? முதல் குத்தில் பலகை முனகியது. இரண்டாவது குத்தில் கீறியது. மூன்றாவது குத்தில் சங்கையா தன் வாழ்நாளில் பார்த்திராததைப் பார்த்தார். தண்ணீர், அவர் முழங்கால் உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது.

"ஊத்து!" என்று கத்தினார். "ஏ மாரி! ஊத்துக்கண்ணு!"

நாலு பேரும் "ஹோ"வென்று படகுக்குள் குதித்தார்கள். கொம்பையா மட்டும் குதித்த பிறகும் சமமாக நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். குருவம்மா குலவை போட்டாள். தவசி தூக்குச்சட்டியில் பிடித்துப் பிடித்து எல்லார் தலையிலும் ஊற்றினான். சங்கையா இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"லேசா உப்புக் கரிக்குது. புதுக் கிணறு அப்படித்தான் இருக்கும். இறைக்க இறைக்கச் சரியாயிரும்" என்றார். பிறகு மகளின் தலையில் ஈரக் கையை வைத்தார். "லாரி எதுக்கு நமக்கு? இனிமே லாரிக்காரன் நம்மகிட்ட வந்து தண்ணி கேக்கட்டும். நீ படி தாயீ."

மாரிக்கனி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. படகு மெதுவாகக் கடலடித் தரையில் போய் உட்கார்ந்தது. அவளுக்கு அதெல்லாம் தெரியவே இல்லை.

கஸ்பார் டீக் கிளாசோடு வந்து துறையின் விளிம்பில் நின்றார். டீ ஆறிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணெதிரே ஐந்து தலையும் ஒரு பாய்மரமும் மட்டும் தெரிந்தன.

"வாங்க தம்பி! முதல் குடம் உங்களுக்குத்தான்" என்று சங்கையா மார்பளவு தண்ணீரில் நின்றபடி அன்போடு அழைத்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இந்த நிலத்துல தண்ணி கொஞ்சம் அதிகம். பயிர் வச்சா அழுகிரும். பக்கத்துல வரிசையா இம்புட்டு நிலம் சும்மா கிடக்கே, அதெல்லாம் யாருது? அதுலயும் ஒவ்வொரு கிணறு போட்டுப் பார்த்துருவோம்." சொல்லிவிட்டுக் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த படகைப் பார்த்து நடந்தார்.

துறையில் வலை காயப் போட்டவர்கள், சீட்டாடியவர்கள், தூங்கியவர்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். ஒரே நேரத்தில் அத்தனை எஞ்சினும் முழங்கியது. கட்டியிருந்த படகெல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் பாய்ந்தன.

தங்கப்பழம் சார் தூணை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார். "பிள்ளைகளா! தீவெல்லாம் நகருதே! இது நம்ம பாடத்துலயே இல்லையே!"

சங்கையா நடையை நிறுத்தினார். ஓடுகிற நிலங்களை ஒரு பார்வை பார்த்தார், மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப நீ மேல்படிப்பும் படிக்க வேண்டியிருக்கும் போலிருக்கே, புள்ள" என்றார்.